ஏழரை

எனக்கு ஏழரைச் சனி என்றைக்கு முடிந்தது என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. 2011 நவம்பர் 15-ஆம் தேதியே முடிந்துவிட்டது என்பது என் மனைவியின் கட்சி. இல்லவே இல்லை, டிசம்பர் 21 வரை இருந்தது என்பது என் மாமனாரின் கட்சி. இருவருமே பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அவள் பார்த்தது திருக்கணிதம், இவர் பார்த்தது வாக்கியம். கன்னியில் இருந்த சனி பகவான் துலாமுக்குள் காலெடுத்து வைப்பதில் இரண்டு கணக்குக்கும் நடுவே 36 நாள் வித்தியாசம். சிம்ம ராசிக்காரனான நான் அந்த 36 நாளும் தண்டனைக் கைதியா, விடுதலையானவனா என்று தெரியாமல் கிடந்தேன். கிடந்ததோடு நிறுத்தியிருக்கலாம். விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்த கணினியில், அதன் பக்கத்திலேயே விண்டோஸ் எக்ஸ்பியையும் ஏற்றப் பார்த்தேன்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்பகோணம் பக்கம் சார்பதிவாளர் அலுவலகங்களில் 34 வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு எங்களோடு திருச்சிக்கு வந்துவிட்டார். கூடவே வந்தவை: ஒரு இரும்பு பீரோ, முப்பது வருடத்துப் பஞ்சாங்கங்கள், ஒரு கணினி, ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஜாதகம் கணிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கோடு யாராவது சந்தேகம் கேட்டால் போதும். 2003-இல் சிடியில் வாங்கிய ஒரு ஜாதக மென்பொருள் வைத்திருந்தார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் பிரிண்டர் 'க்ரீச் க்ரீச்' என்று தெருவே கேட்கும்படி அழுது, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் ஒரு வாழ்க்கையையே எழுதித் தள்ளிவிடும். நடு இரவில் பிறந்த குழந்தைக்கு நடு இரவிலேயே போட்டு, மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து என்ன சத்தம் என்று கேட்டதும் உண்டு. "பெண் குழந்தை, மகம் நட்சத்திரம்" என்று பதில் சொன்னார்.

அந்தக் கணினி ஒரு வெள்ளிக்கிழமை 'டப்' என்றது. சர்வீஸ் பையன் வந்து பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் வரிசையாக வயிறு உப்பி நின்ற கெபாசிட்டர்களைக் காட்டினான். "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க சார்." அந்தத் தீபாவளிக்குப் புதுக் கணினி வாங்கினேன். விண்டோஸ் 7, ஹோம் பேசிக், 64 பிட். பிரிண்டரின் தடித்த கேபிளைச் செருகப் பின்னால் அந்தப் பழைய பாரலல் போர்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினேன். பெண் பார்க்கப் போன இடத்தில் கிணறு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் கதைதான்.

மாமனார் சிடியைப் போட்டார். இந்த மென்பொருள் இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. விஷயம் இதுதான்: அந்த மென்பொருள் 16 பிட் காலத்து ஆசாமி. 32 பிட் விண்டோஸ் அப்படிப்பட்டவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு வாய் மோராவது கொடுக்கும். 64 பிட் விண்டோஸ் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

"இன்டர்நெட்டுலயே ஜாதகம் போடலாம்ப்பா, ஓசி" என்று என் மனைவி ஒரு தளத்தைத் திறந்து காட்டினாள். அவர் தன் ஜாதகத்தையே போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது திருக்கணிதம்மா."

"அதுதான்ப்பா கரெக்ட். டெலஸ்கோப்பு வச்சுப் பாத்துத் திருத்தினது."

"திருநள்ளாறு கோயில்ல எதை வச்சுப் பெயர்ச்சி பண்றா? வாக்கியத்தை வச்சுத்தானே? சனீஸ்வரனுக்கே தெரியாதது உங்க டெலஸ்கோப்புக்குத் தெரியுமாக்கும்."

சந்திரனின் நடையை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்து கணித்தவர்கள் வழி வந்த முறை அது. கணினி என்ற சொல்லுக்கே அவசியம் இல்லாத காலத்தில் மனிதர்களின் மண்டைக்குள் ஓடிய மென்பொருள். மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. மென்பொருள் விற்றவர்களின் எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு மாவு மில்லில் எடுத்தார்கள். விண்டோஸ் 7-க்குள்ளேயே எக்ஸ்பியை ஒரு பெட்டிக்குள் வைத்து ஓட்டும் வசதி இருக்கிறது என்று படித்தேன். ஆனால் அது புரொஃபஷனல் பதிப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு. ஹோம் பேசிக்காரனுக்குக் கிடையாது. கடைசியில் சர்வீஸ் பையன்தான் வழி சொன்னான். "டூயல் பூட் போட்டுடுங்க சார். ஹார்ட் டிஸ்க்கைப் பார்ட்டிஷன் பண்ணி, இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் எக்ஸ்பி. ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும்."

பார்ட்டிஷன் என்ற சொல் மாமனாரின் காதில் விழுந்ததுதான் தாமதம், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பாகப்பிரிவினைதானே மாப்ளே? நம்ம தொழில். மொத்த விஸ்தீரணம் எவ்வளவு?"

"500 ஜிபி, மாமா."

திரையைப் பார்த்தார். அதில் 465 என்று இருந்தது. "35 எங்கே?"

டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது, இடம் குறையவில்லை, அளவுகோல்தான் வேறு என்று விளக்கினேன். அவர் முகத்தில் ஓர் ஆழ்ந்த அனுபவம் தெரிந்தது. "சங்கிலி வித்தியாசம். கிராமத்துல இதுக்கு வெட்டுக் குத்தே நடந்திருக்கு" என்றார்.

எக்ஸ்பிக்கு 20 ஜிபி தாராளம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாகப்பிரிவினை என்றால் சரிபாதி. விண்டோஸ் 7-இலேயே பார்ட்டிஷனைச் சுருக்கும் வசதி இருக்கிறது. அதைக் கேட்டால் அதுவும் ஏறக்குறைய பாதிக்கு மேல் விட்டுத்தர முடியாது என்றது. நகர்த்த முடியாத கோப்புகள் சில நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்துக்கு இப்பால் வேலியை இழுக்க முடியாதாம். "நடுவுல கோயில் இருந்தா அப்படித்தான்" என்று மாமனார் ஒப்புக்கொண்டார். ஏழுக்கு ஒரு பாதி, எக்ஸ்பிக்கு ஒரு பாதி. ஏழும் அரையும் சேர்ந்தால் என்ன என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த டிஸ்க்குகளின் தலைமாட்டில் 512 பைட் அளவில் ஒரு துண்டு உண்டு. எந்தப் பங்கு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விவரமெல்லாம் அதில்தான். அந்த 512-இல் பங்கு விவரத்துக்கு ஒதுக்கியது 64 பைட். ஒரு பங்குக்கு 16 பைட். ஆக, நாலு பேருக்கு மேல் எழுத இடமில்லை. ஐந்தாமவன் பிறந்தால், நாலில் ஒன்றை விரிவாக்கி அதற்குள் உட்பிரிவு செய்துகொள்ள வேண்டும். இதை நான் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் மாமனார் முடித்துவிட்டார். "அது தாய்ப் பத்திரம் மாப்ளே. பத்திரமா வச்சுக்கணும். அதுல கை வச்சவன் குடும்பம் உருப்பட்டதில்லை."

அவர் சொன்னதிலேயே முற்றும் பலித்தது இது ஒன்றுதான்.

எக்ஸ்பி சிடி அவரிடமே இருந்தது. பில்லோடு வாங்கிய அசல் சிடி. நிலப் பத்திரங்களோடு சேர்த்து மஞ்சள் பையில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். போட்டதும் நீலத்திரை, வெள்ளை எழுத்து, 0x0000007B என்று ஒரு எண். தமிழில் சொன்னால், 'நான் உட்கார வேண்டிய டிஸ்க்கே என் கண்ணுக்குத் தெரியவில்லை' என்று பொருள். 2001-இல் பிறந்த எக்ஸ்பிக்குப் புதிய சாட்டா டிஸ்க்குகளின் ஏஹெச்சிஐ பாஷை புரியாது. அதற்கான டிரைவரைத் தொடக்கத்திலேயே எஃப் 6 அழுத்திக் கொடுக்க வேண்டும். எதில் கொடுக்க வேண்டும் என்றால், ஃப்ளாப்பியில். வேறு எதிலும் வாங்காது. 2011-இல் ஃப்ளாப்பி கேட்டுப் போன மூன்று கடைகளில், ஒரு கடைக்காரர் தன் மகனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

பயாஸில் போய் டிஸ்க்கைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றினால் எக்ஸ்பி எழும், ஆனால் ஏழு படுத்துவிடும் என்றான் பையன். அதற்கும் வைத்தியம் உண்டாம், எனக்குத் தைரியம் இல்லை. என்லைட் என்ற இலவச மென்பொருளை வைத்து, எக்ஸ்பி சிடியைப் பிரித்து, டிரைவரை உள்ளே சேர்த்து அரைத்து, புதுசாக ஒரு சிடி எழுதினேன். முதல் சிடி பூட் ஆகவில்லை. இரண்டாவது சிடி ஆயிற்று, ஆனால் உள்ளே போனது வேறு மதர்போர்டின் டிரைவர். அவை இரண்டும் இன்றைக்கும் எங்கள் வீட்டில் காபி டம்ளருக்கு அடியில் சேவை செய்கின்றன. மூன்றாவது சரியாக அமைந்தது.

நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரைக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார் மாமனார். எனக்கு வாக்கியப்படி இன்னும் சனி விலகவில்லையே, டிசம்பர் கடைசிவரை தள்ளிப்போடலாமே என்றும் ஒரு வார்த்தை சொன்னார். "அதெல்லாம் 15-ஆம் தேதியே போயாச்சுப்பா" என்று என் மனைவி அடுக்களையிலிருந்து என் சார்பில் கையெழுத்துப் போட்டாள்.

எக்ஸ்பி முதலில் ஒப்பந்தத்தைக் காட்டும். படித்துவிட்டேன், சம்மதம் என்பதற்கு எஃப் 8. உலகத்தில் யாரும் படித்ததில்லை. நான் எஃப் 8-இல் விரலை வைத்தேன். மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"34 வருஷத்துல படிக்காம கையெழுத்துப் போட்டவன் அத்தனை பேரையும் நான் பாத்திருக்கேன் மாப்ளே. கோர்ட்டுல பாத்திருக்கேன்."

படித்தார். ஒவ்வொரு பக்கமாக, உதடு அசைய, சந்தேகம் வந்த இடத்தில் முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் படித்தார். நடுவில் குளித்துவிட்டு வந்தார். சாப்பாடு ஆயிற்று. ஒரு குட்டித் தூக்கமும் ஆயிற்று. மூன்றரை மணிக்கு, "எல்லாம் அவனுக்குச் சாதகமாத்தான் எழுதியிருக்கான். வேற வழியில்லை, போடுங்கோ" என்றார்.

அடுத்த திரையில் பங்குகளின் பட்டியல். இதுதான் கத்தி மேல் நடக்கும் இடம். எக்ஸ்பிக்கு விண்டோஸ் 7 என்று ஒருவர் இருப்பது தெரியாது. 100 எம்பியில் ஒரு பங்கு, அப்புறம் ஒரு பெரிய பங்கு, அப்புறம் காலி மனை என்று வெறும் அளவு மட்டும்தான் சொல்லும். 'டி' என்ற ஒரே எழுத்தை அழுத்தினால் பங்கையே அழிக்கத் தயாராகிவிடும். மாமனார் திரையில் விரலை வைத்து, "இந்த 100 எம்பி யாருது? வில்லங்கம் பாத்தேளா?" என்றார். அது ஏழு தனக்காக எடுத்துவைத்துக்கொண்ட சின்ன அறை. பூட் சாமான்களை அதில்தான் வைத்திருக்கும். சாதாரணமாகக் கண்ணில் படாது. அதைத் தொடாமல், காலி மனையில் எக்ஸ்பியைக் குடியேற்றினேன்.

கோப்புகள் ஏறி, ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகி, 'இன்னும் 39 நிமிடம்' என்று வந்தது. எக்ஸ்பி ஏற்றிய எவருக்கும் அந்த 39 மறக்காது. மாமனார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் கழித்தும் திரையில் 34. "சர்க்கார் நிமிஷம்" என்றார். எல்லாம் முடிந்து கடைசியாக ரீஸ்டார்ட் ஆனபோது மணி நாலு முப்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை, நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். அவர் எதுவும் சொல்லவில்லை, கடிகாரத்தை மட்டும் திரும்பக் கட்டிக்கொண்டார்.

எக்ஸ்பி வந்தது. பச்சை மேடு, நீல வானம், வெள்ளை மேகம். 1996-இல் சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் கலிபோர்னியாவின் சோனோமாப் பக்கம் காரில் போகும்போது இறங்கி எடுத்த படம் அது என்று சொன்னேன். மாமனார் உற்றுப் பார்த்தார். "புறம்போக்கா, பட்டாவா?" என்றார். பிறகு, "கரண்ட் கம்பமே இல்லை பாருங்கோ" என்று ரசித்தார். இருவரும் கைகுலுக்கிக்கொள்ளாத குறை.

"ஏங்க, என் பக்கத்தைக் கொஞ்சம் திறந்து விடுங்க. அரையாண்டுக் கேள்வித்தாள் முடிக்கணும்" என்றபடி மனைவி வந்தாள். அவள் பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் தமிழ்க் கேள்வித்தாள் ஏழின் பக்கம் இருந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். எது வேண்டும் என்று கேட்கும் திரைக்காக மூவரும் காத்திருந்தோம்.

கேட்கவில்லை. நேராகப் பச்சை மேடு வந்தது.

மறுபடி செய்தேன். பச்சை மேடு. பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். பச்சை மேடு, நீல வானம், கரண்ட் கம்பம் இல்லை.

அன்று இரவு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு விண்டோஸ் வேண்டுமென்றால் மூத்ததை முதலில் ஏற்ற வேண்டும், இளையதைப் பிறகு ஏற்ற வேண்டும். இளையது வரும்போது, இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரியவர் இருக்கிறார் என்று பார்த்து, அவர் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொள்ளும். அதற்கு அவரைத் தெரியும். அவர் கதையைக் கேட்டு வளர்ந்தது. ஆனால் இளையது இருக்கும் வீட்டுக்கு மூத்தது பின்னால் வந்தால், அதற்கு இளையதைத் தெரியவே தெரியாது. எப்படித் தெரியும்? அது பிறந்தபோது இது இல்லை. எக்ஸ்பியை எழுப்புவது என்டிஎல்டிஆர் என்ற சிறு கோப்பு. அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும் பட்டியலைப் பார்த்து வேலை செய்யும். விஸ்டா காலத்திலிருந்து பூட்எம்ஜிஆர் என்று வேறு ஆள், வேறு பதிவேடு. எக்ஸ்பி குடியேறும்போது வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றி என்டிஎல்டிஆரின் பலகையை மாட்டிவிடும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. முன்னே இருந்த பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். ஏழு அங்கேயேதான் இருக்கிறது, அதன் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. அதன் வீட்டுக்குப் போக வழிதான் இல்லை. எந்த உதவிக் குறிப்பைத் திறந்தாலும் முதல் வரியிலேயே இது இருக்கிறது. ஒப்பந்தத்தை மாமனார் படித்த நேரத்தில் நான் அந்த முதல் வரியைப் படித்திருக்கலாம்.

"கேள்வித்தாள்?" என்றாள் மனைவி.

"உள்ள இருக்கு."

"உள்ளன்னா?"

"போக முடியாது. ஆனா இருக்கு."

"நம்ம மயிலாடுதுறை நிலம் மாதிரி" என்றார் மாமனார்.

விண்டோஸ் 7 வந்தபோதே, ரிப்பேர் டிஸ்க் ஒன்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று மூடியது என் கைதான். மேல்வீட்டுப் பையனின் லேப்டாப்பிலும் ஏழு இருந்தது. பிரிண்டர் சத்தத்துக்கு ஏற்கெனவே நிறைய அனுபவித்தவர்கள், இருந்தாலும் ஒரு டிஸ்க் எழுதிக் கொடுத்தார்கள். போட்டால், நான் இந்த விண்டோஸுக்கு உரியவன் இல்லை என்றது. அவர்களுடையது 32 பிட், எங்களுடையது 64. ரிப்பேர் செய்ய வருகிறவரும் அதே கோத்திரமாக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. திங்கள் முழுவதும் அலுவலகத்தில் 64 பிட்காரர் யார் என்று ஒவ்வொரு மேஜையாக விசாரித்து, மாலை ஒரு டிஸ்க்கோடு வந்தேன். கறுப்புத் திரையில் பூட்ரெக் என்ற கட்டளையை அதன் வால்களோடு அடித்தேன். ரீஸ்டார்ட்.

ஏழு வந்தது! மனைவி உட்கார்ந்து, கேள்வித்தாளைத் திறந்து, பென்டிரைவில் மூன்று பிரதி எடுத்துக்கொண்ட பிறகுதான் என்னிடம் பேசினாள்.

பிறகு மாமனார் தன் சிடியோடு வந்து உட்கார்ந்தார். எக்ஸ்பி காணாமல் போயிருந்தது.

இது இயற்கை. பலகையைத் திரும்ப மாற்றி மாட்டினேன் அல்லவா, இப்போது பூட்எம்ஜிஆரின் பதிவேட்டில் ஏழின் பெயர் மட்டும்தான் உண்டு. "பத்திரம் பதிஞ்சாச்சு, பணம் கட்டியாச்சு, சொத்து எங்கே மாப்ளே?" என்றார். குரலில் கோபம் இல்லை. 34 வருடம் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட கேள்வியை, முதல்முறையாகத் தானே கேட்கும் ஒரு வியப்புதான் இருந்தது.

ஈஸிபிசிடி என்ற இலவச மென்பொருள் அந்தப் பதிவேட்டில் எக்ஸ்பிக்கு ஒரு வரி சேர்த்தது. இனி ஆன் செய்தால் முதலில் ஏழின் ஆள் வருவார். எக்ஸ்பி வேண்டும் என்றால், அவர் என்டிஎல்டிஆரைக் கூப்பிட்டு, "ஐயா, உங்களைத் தேடி வந்திருக்காங்க" என்று ஒதுங்கிக்கொள்வார். அந்த வரிக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். மாமனார் 'வாக்கியம்' என்று வைக்கச் சொன்னார். தமிழில் அடித்துப் பார்த்துத் திரை ஏடாகூடம் ஆனால் மறுபடி ரிப்பேர் டிஸ்க் தேட எனக்குத் தெம்பில்லை. ஆங்கில எழுத்திலேயே வாக்கியம் என்று போட்டேன்.

அடுத்து முதல் மரியாதைப் பிரச்சினை. யாரும் எதையும் அழுத்தாவிட்டால் 30 விநாடியில் எது தானாக எழ வேண்டும்? வயதில் மூத்தவருக்குத்தான் பரிவட்டம் என்றார் அவர். தினமும் பயன்படுத்துகிறவளுக்குத்தான் என்றாள் இவள். ஏழு என்று வைத்தேன், அதே வீட்டில் சாப்பிட வேண்டும் என்பதால். மாமனார் ஆன் செய்துவிட்டு மூக்குக்கண்ணாடி தேடப் போவார். தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு வரும்போது ஏழு ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். மறுபடி ரீஸ்டார்ட். காத்திருக்கும் நேரத்தை 300 விநாடியாக உயர்த்தினேன். அதிலிருந்து கணினியை ஆன் செய்துவிட்டுப் போய்ப் பல் விளக்கி வருவது மனைவியின் வழக்கமாயிற்று.

எக்ஸ்பிக்குள் நுழைந்து ஜாதக மென்பொருளைப் போட்டால் இன்னொரு வேடிக்கை. அதற்கு சி டிரைவைத் தவிர வேறு திசை தெரியாது. எங்கள் எக்ஸ்பியோ பங்குகளை வரிசையாக எண்ணி, அந்த 100 எம்பி அறைக்கு சி என்றும், ஏழின் பெரும்பங்குக்கு டி என்றும், தனக்கு இ என்றும் பெயர் சூட்டிக்கொண்டிருந்தது. பாதி டிஸ்க்கைப் போராடி வாங்கினாரே மாமனார், அத்தனை ஏக்கரும் சும்மா கிடக்க, மென்பொருள் நேராகப் போய் அந்த 100 எம்பிச் சமையலறை அலமாரியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டது. இடம் போதுமானதாகவும் இருந்தது. அந்தக் காலத்து மென்பொருள், மொத்தம் 11 எம்பி.

சில நாள் அமைதி. பிறகு மாமனார் எக்ஸ்பியிலிருந்து டி டிரைவை எட்டிப் பார்த்தார். மனைவி கோப்புகளுக்குத் தமிழில்தான் பெயர் வைப்பாள். எக்ஸ்பியில் தமிழுக்கான வசதியைத் தனியாக டிக் அடித்து, சிடியை மறுபடி போட்டு வாங்கிக்கொண்டால்தான் யூனிகோடு தமிழ் தெரியும். நான் அடிக்கவில்லை. அதனால் அவருக்குத் தெரிந்தது பெயருக்குப் பெயர் வெறும் கட்டங்கள்.

"என்னம்மா இது, ஃபோல்டர் முழுக்கக் கட்டமா இருக்கு? கிரகமே இல்லையே. எல்லாம் அரைகுறை ஜாதகம் போலிருக்குன்னு அழிச்சிட்டேன்."

குப்பைத் தொட்டியிலிருந்துதான் ஒன்பதாம் வகுப்பின் கேள்வித்தாளை மீட்டோம். பதிலுக்கு ஏழின் பக்கம் அவருடைய ஜாதகக் கோப்புகளைத் திறந்தால், பழைய எழுத்துரு அங்கே இல்லாததால், தலையில் புள்ளியும் காலில் வாலும் வைத்த வெள்ளைக்கார எழுத்துகளாக வந்தன. ஒரே மேஜை, ஒரே தமிழ், ஒருவர் எழுதியது மற்றவருக்கு எட்டவில்லை.

இந்த அழிக்கும் குணம் மாமனாருக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் பிறகு அறிந்தேன். ஏதாவது கெட்டுப்போனால் திரும்பிப் போவதற்காக விண்டோஸ் 7 அவ்வப்போது மீட்புப் புள்ளிகள் வைத்துக்கொள்ளும். பக்கத்துப் பங்கில் எக்ஸ்பி கண்விழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளிகளை அழித்துவிடும். புதிய வடிவத்தில் எழுதியிருப்பதால் அதற்குப் புரியாது, புரியாததால் குப்பை. தெரிந்த குறைதான், எழுதியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எக்ஸ்பி தினமும் காலை ஐந்தரைக்குக் கண்விழித்தது.

பிரிண்டர்தான் கடைசிவரை தகராறு செய்தது. டிசம்பர் முழுக்க ஒவ்வொரு மாலையும் ஒரு புதுக் காரணம். கேபிள், போர்ட், டிரைவர், ரிப்பன் என்று வரிசையாக வந்தது. ரிப்பன் வாங்கப் போனபோது, ஃப்ளாப்பி கேட்ட கடைக்காரரே இருந்தார். இந்த முறை குடும்பத்தையே கூப்பிட்டார். கடைசியில் பயாஸில் அந்த போர்ட்டின் முறையை மாற்றியதும், ஒரு விடுமுறை நாளில், பிரிண்டர் திடீரென்று க்ரீச் என்றது. நாள் முழுக்க மூச்சு விடாமல் அழுதது. மேல்வீட்டில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"முதல் ஜாதகம் உங்களுதுதான் மாப்ளே" என்று மாமனார் காகிதத்தைக் கிழித்து, ஓரத்து ஓட்டைப் பட்டைகளை நிதானமாக நீக்கினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து ஓர் இடத்தில் கோடு போட்டார். பத்திரங்களில் பிழை கண்ட இடத்தில் போடுகிற அதே அழுத்தமான கோடு. வாங்கிப் பார்த்தேன். சனி துலா ராசிக்குப் பெயர்ச்சி, 21-12-2011. சிம்ம ராசிக்கு ஏழரை நிவர்த்தி.

சுவரில் காலண்டர் தொங்கியது. அன்று டிசம்பர் 25.

"ஏம்மா," என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார், "இங்கே கொஞ்சம் வந்து இந்தத் தேதியைப் படியேன். எனக்குக் கண்ணாடி கிடைக்கலை."

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.